தேற்றிய கை

வெறும் வயிற்றில் எடை தூக்கக் கூடாது, மேடம். அரைமணி நேரம் முன்னால் இரண்டு வாழைப்பழமாவது உள்ளே போயிருக்க வேண்டும். இல்லாவிட்டால் கண்ணைக் கட்டிக்கொண்டு வரும். நேற்று சாயங்காலம் உங்கள் ஜீப்பில் ஏறும்போது நான் தடுமாறியதற்கு அதுதான் காரணம். அந்த ஏட்டையா பயமென்று நினைத்துக்கொண்டு என் கையைப் பிடித்தார். காலையில் வேலையை முடித்ததிலிருந்து நான் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை, அவ்வளவுதான்.

முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். சொல்கிறேன். பத்தாவது வரை ஏற்காட்டில் ஹாஸ்டலில் தங்கிப் படித்தவள் நான். நீங்கள் எழுதி முடித்ததும் படித்துப் பார்த்தே கையெழுத்துப் போடுவேன்.

பெயர் அம்மணி. வயது நாற்பத்தேழு. ஊர் செம்மநத்தம். என் வீட்டுக்காரர் பெயர் சித்தன், ஐம்பத்துநான்கு. ஜீப் ஓட்டினார். காபிப் பழம் எடுக்கும் காலத்தில் எஸ்டேட்டுகளில் மூட்டை ஏற்றி இறக்கினார். எங்களுக்கு ஒரே மகள், கவிதா. கட்டிக்கொடுத்துத் திருப்பூரில் இருக்கிறாள்.

அவரைப் பற்றி ஊரில் விசாரித்தால் நல்லபடியாகத்தான் சொல்வார்கள். அதில் பொய் இல்லை. குடிக்க மாட்டார். பீடி, வெற்றிலை கிடையாது. யாருக்காவது பிரசவ வலி என்றால் எந்த நேரத்திலும் ஜீப்பை எடுப்பார். அவருக்கு இருந்த ஒரே பைத்தியம் உடம்பு. பெயிண்ட் டப்பாவில் சிமெண்டை ஊற்றி, நடுவில் இரும்புப் பைப்பைச் செருகிக் காயவைத்து, கல்யாணத்துக்கு முன்னாலேயே எடைகள் செய்து வைத்திருந்தார். பிறகு கடையில் வாங்கிய டம்பெல்களும் சேர்ந்தன. விடிந்ததும் வீட்டுக்குப் பின்னால் காபி காயப்போடும் களத்தில் நிற்பார். தோள், நெஞ்சு, முதுகு, கை, வயிறு, தொடை, எதையும் விட மாட்டார். சிலர் இன்றைக்குக் கை, நாளைக்குக் கால் என்று பிரித்துச் செய்வார்களாம். அவருக்கு அது பிடிக்காது. முழு உடம்பும் தினமும் வேலை செய்ய வேண்டும் என்பார். மாரியம்மன் பண்டிகை அன்றும் செய்தார். அவருடைய அப்பாவைப் புதைத்த மறுநாளும் செய்தார்.

நான் பக்கத்தில் துண்டோடு நின்று எண்ண வேண்டும்.

"எத்தன ஆச்சு புள்ள?"

"ஒம்பதுங்க."

"செரியா எண்ணு. பராக்குப் பாத்துக்கிட்டு எண்ணாத."

நான் சரியாகத்தான் எண்ணினேன். ஆனாலும் அந்தப் பலம் எங்காவது போய் இறங்க வேண்டும் அல்லவா. மூட்டையில் கொஞ்சம் இறங்கியது. மிச்சம் என் மேல் இறங்கியது. கோபத்தில் அடிப்பவராக இருந்திருந்தால் கோபம் தெரிந்து நான் ஒதுங்கியிருப்பேன். அவர் சாதாரணமாக இருக்கும்போதே அடிப்பார். முதலில் இடது கையால் கொண்டையைப் பிடிப்பார். பிறகு வலது கை மேலே போகும். மூச்சை விட்டுக்கொண்டே இறக்குவார், எடை தூக்கும்போது விடுவது மாதிரியே.

இடது காது கேட்காது, அதனால்தான் தலையைத் திருப்பித் திருப்பி உங்களைப் பார்க்கிறேன். கழுத்துக்குக் கீழே காறை எலும்பு ஒருமுறை முறிந்தது. இரண்டு பல். கவிதாவுக்கு முன்னால் ஒன்று ஆறாவது மாதத்தில் போனது. உதைத்ததால் போனதா, தானாகப் போனதா என்று நர்ஸம்மாவால் சொல்ல முடியவில்லை. நானும் அடித்துச் சொல்ல மாட்டேன். உதைத்தது ஞாயிற்றுக்கிழமை, போனது செவ்வாய்க்கிழமை.

இதையெல்லாம் இரக்கத்துக்காகச் சொல்லவில்லை. அவருக்கு வலது கை எவ்வளவு முக்கியமானது என்பது உங்களுக்குப் புரிய வேண்டும், அதற்காகச் சொல்கிறேன்.

போன வருடத்துக்கு முந்தின வருடம், பங்குனியில், காபி பூத்திருந்த ஒரு காலையில், இரண்டு கையாலும் பெரிய எடையைத் தலைக்கு மேல் தூக்கி நின்றார். நான் ஏழு என்றேன். எட்டு வரவில்லை. வாய் ஒரு பக்கமாகக் கோணியது. எடை அவருக்குப் பின்னால் விழுந்தது, அவர் முன்னால் விழுந்தார். பக்கத்து வீட்டு முத்தாயி கூச்சல் போட்டுத்தான் ஆள் கூடியது. அவருடைய ஜீப்பிலேயே அவரைப் படுக்கவைத்துச் சேலத்துக்குக் கொண்டுபோனார்கள். பதினெட்டு நாள் ஆஸ்பத்திரி. உயிர் தங்கியது. வலது கை, வலது கால் இரண்டும் போய்விட்டன. பேச்சும் போய்விட்டது. ஒரே ஒரு சொல் மட்டும் மிச்சம் இருந்தது. தண்ணி வேணுங்களா என்றால், "செரி." படுத்துக்கறீங்களா என்றால், "செரி." வலிக்குதுங்களா என்றாலும் "செரி"தான்.

வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று கூட்டம் கலைந்ததும் கதவைச் சாத்தினேன். அடுப்படியில் இருந்த இரும்பு ஊதாங்குழலை எடுத்துவந்தேன். அவருடைய வலது கையைக் கட்டில் சட்டத்தின் மேல் வைத்து ஒரு அடி அடித்தேன். என்னால் முடிந்த வரை ஓங்கித்தான்.

அவர் கையைப் பார்க்கவே இல்லை. என் முகத்தைப் பார்த்தார், ஏதோ கேட்கிறேனாக்கும் என்று. "செரி" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது, மேடம். சுருட்டிவைத்த பாயை அடித்த மாதிரி இருந்தது. இருபத்தெட்டு வருடம் என்னை அடித்த கை அது இல்லை. அது எங்கேயோ போய்விட்டது. போன கையை நான் எப்படி அடிக்க முடியும்? அன்றைக்குத்தான் முடிவு செய்தேன், அவரைத் தேற்றியே ஆக வேண்டும் என்று. பழையபடி வலி தெரிய வேண்டும், பலம் வர வேண்டும், கை மேலே போக வேண்டும். அதுவரைக்கும் ஒன்றும் செய்யக் கூடாது.

ஃபெபி வந்தது அந்த வாரம்தான். பிசியோதெரபி படித்த பெண், ஏற்காட்டிலிருந்து ஸ்கூட்டியில் வாரம் ஒருமுறை வருவாள். அந்தக் குழந்தையின் மேல் ஒரு தப்பும் இல்லை, எழுதிக்கொள்ளுங்கள். என்னென்ன செய்ய வேண்டும் என்று ஒரு தாளில் படம் போட்டுக் கொடுத்தாள்.

"தெனமும் செய்யணும்க்கா. கொஞ்சம் கொஞ்சமா. அவசரப்படக் கூடாது. ஒரு வருசம் ஆனாலும் ஆகும்."

"ஆகட்டும் கண்ணு. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."

"மொதல்ல நீங்க உடம்பத் தேத்துங்க. நாப்பத்தோரு கிலோ இருந்துக்கிட்டு இவர எப்பிடித் தூக்குவீங்க?"

அவள் சொன்னது சரி. களத்து மூலையில் அவருடைய எடைகள் மழையில் நனைந்துகொண்டு கிடந்தன. எல்லாவற்றிலும் சின்னதை எடுத்துப் பார்த்தேன். இரண்டு தடவைக்கு மேல் தூக்க முடியவில்லை. ஃபெபிதான் சொல்லிக்கொடுத்தாள். "இடுப்ப வளைக்காதீங்கக்கா, தொடையில தூக்குங்க. மூச்ச விட்டுக்கிட்டே தூக்குங்க." மூச்சு விடுவது எப்படி என்று எனக்குத் தெரியும். இருபத்தெட்டு வருடம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

காலையில் நான் முதலில் செய்வேன். தோள், நெஞ்சு, முதுகு, கை, வயிறு, தொடை. ஒன்றையும் விடவில்லை. ராகிக் களி, முட்டை, வேர்க்கடலை, மொச்சை என்று சாப்பிட்டேன். நாலு மாதத்தில் அவரைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்ற முத்தாயியைக் கூப்பிட வேண்டியதில்லாமல் போனது. ஆறு மாதத்தில் களம் வரைக்கும் அவரைத் தோளில் போட்டுக்கொண்டு போனேன். கடைவீதியில் யூசுப் பாய் கடைக்குப் போய்ப் பத்துக் கிலோ டம்பெல் கேட்டபோது அவர் எழுந்தே நின்றுவிட்டார்.

"அல்லா, ஊட்டுக்காரரு அதுக்குள்ள எந்திரிச்சுட்டாருங்களா?"

"அவருக்கில்லைங்க பாய். எனக்குத்தான்."

உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். அந்த மாதங்களில் நான் சந்தோஷமாக இருந்தேன். அதுவரைக்கும் என் உடம்பு எனக்கு அடி விழும் இடமாகத்தான் தெரியும். குளிக்கும்போது தோளைத் தொட்டால் கல் மாதிரி இருக்கும், இது யாருடையது என்று நினைப்பேன். ஒரு நாள் செய்யாவிட்டால்கூட இருப்புக் கொள்ளாது. அவர் ஏன் ஒரு நாளும் விட்டதில்லை என்பது அப்போது எனக்குப் புரிந்தது.

நான் முடித்ததும் அவருடைய முறை. ஃபெபி அரைக் கிலோ மணல் பை கட்டச் சொன்னாள். நான் ஒரு கிலோவில் ஆரம்பித்தேன். மணிக்கட்டில் ஒன்று, கணுக்காலில் ஒன்று. வராத கையை இடது கையால் தூக்க வைப்பேன். பதினைந்து தடவை ஒரு செட். நடுவில் நிறுத்தினால் மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ணுவேன். அவர் அழுவார். வாயின் ஒரு பக்கம் எச்சில் ஒழுகும். துண்டால் துடைத்துவிட்டு, "மறுக்காச் செய்யலாமுங்களா?" என்று கேட்பேன். "செரி" என்பார். அவர் சம்மதிக்காமல் நான் ஒரு செட்டும் செய்ய வைத்ததில்லை.

சாயங்காலம் காபி குடித்த பிறகு ஊதாங்குழலை எடுத்துவந்து சோதித்துப் பார்ப்பேன். முழங்கைக்குக் கீழே உட்பக்கம், ஒரு அடி. பிறகு பின்தொடையில் ஒன்று. முகத்தைக் கவனிப்பேன். இரண்டு மாதம், மூன்று மாதம், ஒன்றும் இல்லை. கன்றிப் போவது மட்டும்தான். ஃபெபி பார்த்துவிட்டாள்.

"என்னக்கா இது, இப்பிடி நீலமா இருக்கு?"

"கட்டல்ல இடிச்சுக்கறாரு கண்ணு. சொன்னாக் கேக்கறதில்ல."

"பாத்துக்கோங்கக்கா. அவருக்கு அடிபட்டாக்கூடத் தெரியாது."

ஆடி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, அடி விழுந்ததும் "ஸ்ஸ்" என்று இழுத்தார். கண்ணில் தண்ணீர் முட்டியது. நம்ப முடியாமல் இன்னொன்று போட்டேன். கையைப் பின்னுக்கு இழுக்கப் பார்த்தார். கொஞ்சம்தான் நகர்ந்தது, ஆனால் நகர்ந்தது. அன்று பாயசம் வைத்தேன். அடுத்த வாரம் ஃபெபி வந்ததும், "வலி வந்துருச்சு கண்ணு" என்றேன். அவள் ஒரு குண்டூசியால் மெதுவாகத் தொட்டுப் பார்த்துவிட்டு என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். "எல்லாம் உங்களாலதான்க்கா" என்றாள். முத்தாயி வேலியில் சாய்ந்துகொண்டு, "புருசன இப்பிடிப் பாக்க ஆருக்கு வரும்? நானா இருந்தா நாலு நாள்ல கைய விட்டிருப்பன்" என்றாள். இரண்டு பேரும் சொன்னது உண்மைதான்.

ஐப்பசி மழையில் அவருக்குக் காய்ச்சல் கண்டது. நிறுத்தினால் வந்ததெல்லாம் போய்விடும் என்று எனக்குப் பயம். மணல் பையை மூன்று கிலோ ஆக்கியிருந்தேன். நாலாவது நாள் சிறுநீர் பால் விடாத காபி நிறத்தில் வந்தது. சதை உடைந்து ரத்தத்தில் கலந்தால் அப்படித்தான் வருமாம், ஃபெபி சொன்னாள். ஆஸ்பத்திரியில் மூன்று நாள் பாட்டில் ஏற்றினார்கள். அவளுக்கு என்மேல் அன்றுதான் கோபம் வந்தது.

"ரெஸ்ட் குடுக்கணும்க்கா! சதை தேறுறதே ரெஸ்ட்லதான். ஒரு நாள் விட்டு ஒரு நாள் செய்யுங்க, போதும்."

"அவரு ஒரு நாளும் ரெஸ்ட் எடுத்த ஆளில்ல கண்ணு."

"அது அவரு நல்லா இருந்தப்ப."

"அப்பிடியே ஆக்கறதுக்குத்தான பாக்கறன்."

தீபாவளிக்குக் கவிதா வந்தாள். தனியாகத்தான் வந்தாள். அப்பாவைப் பார்க்க அவள் வருவதில்லை, எனக்காக வந்தாள்.  இரண்டாவது நாள் களத்தில் நான் எண்ணிக்கொண்டிருந்தேன். அவர் பதினொன்றில் நின்றுவிட்டார். "ஒண்ணு" என்று நான் மறுபடியும் ஆரம்பித்தேன். கவிதா வந்து என் கையிலிருந்த துண்டை வாங்கினாள்.

"அம்மா, உட்டுரு. எங்கூட வந்துரு. இவரப் பாக்க ஒரு ஆளப் போட்டுக்கலாம். எங்க ஊட்டுக்காரருகிட்டயும் சொல்லிட்டன், செரின்னுட்டாரு."

"அப்பாவுக்கு இன்னும் கை மேல போகல சாமி."

"போயி? போயி என்ன பண்ணப் போறாரு?"

"அத நான் பாத்துக்கறன்."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். சின்ன வயதில் அவருடைய ஜீப் சத்தம் கேட்டால் அவள் முகம் எப்படி ஆகுமோ அப்படி ஆகியிருந்தது. என்னைப் பார்த்து ஏன் அந்த முகம் வைக்க வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை. அன்றைக்கே பஸ் ஏறிவிட்டாள்.

மாசி பிறப்பதற்குள் அவர் கோலை ஊன்றி நடந்தார். வெயில் காலம் முடியும்போது வலது கை நெஞ்சு வரை வந்தது. அந்த வருடம் முழுக்கக் கை தோளைத் தாண்டுவதற்குத்தான் போராடினோம். பந்தைப் பிடித்து அமுக்கினார். டம்ளரைப் பிடித்தார். பேச்சு மட்டும் வரவில்லை. நான் ஐம்பத்தாறு கிலோ ஆகியிருந்தேன். பத்துக் கிலோ டம்பெல்லை ஒரே கையில் தலைக்கு மேல் பதினைந்து தடவை தூக்குவேன்.

கடைசி மூன்று வாரம் ஃபெபி வரும்போதெல்லாம் என்னை ஏதாவது வேலை சொல்லி வெளியே அனுப்பினாள். "வெந்நீர் வெச்சுட்டு வாங்கக்கா," "கொஞ்சம் மொளகு பறிச்சுத் தாங்கக்கா." திரும்பி வரும்போது இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருப்பார்கள். அவர் வலது கையைச் சட்டென்று போர்வைக்குள் இழுத்துக்கொள்வார். அவர் என்னிடமிருந்து ஒளிக்கிறார் என்று மட்டும் தெரிந்தது. என்னிடமிருந்து பலத்தை ஒளிப்பவர் எதற்காக ஒளிப்பார்? நீங்களே சொல்லுங்கள்.

நேற்று காலை. மார்கழிக் கடைசி, பழம் எடுக்கும் காலம், வரிசையில் எல்லா வீடும் பூட்டிக் கிடந்தது. மூடுபனி களம் வரை வந்துவிட்டிருந்தது. நான் என்னுடையதை முடித்துவிட்டு, தலைக்கு ஊற்றிக்கொண்டு, உள்ளே முக்காலியில் உட்கார்ந்து முடியை விரித்துப்போட்டுத் துவட்டிக்கொண்டிருந்தேன். நாலு கிலோ டம்பெல் காலடியில் இருந்தது. அவருக்காக எடுத்து வைத்திருந்தேன். அவர் எனக்குப் பின்னால் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

கட்டில் கிறீச்சென்றது. கோல் ஊன்றும் சத்தம் வரவில்லை. கால் மட்டும் இழுத்து இழுத்து வந்தது. கோல் இல்லாமல் அவர் நடந்தது அதுதான் முதல் தடவை. ஆறு அடி இருக்கும். எனக்கு நல்ல காதுப் பக்கமாகத்தான் வந்தார். பிறகு இடது கை என் முடியைத் தொட்டது. தொட்டுச் சேர்த்துப் பிடித்தது.

திரும்பினேன். அவருடைய வலது கை தலைக்கு மேலே இருந்தது.

அந்தக் கையை எனக்குத் தெரியும், மேடம். உள்ளங்கையில் எந்த இடத்தில் காய்ப்பு, எந்த விரல் கோணல் எல்லாம் தெரியும். ஏழெட்டு மாதமாகப் போராடியும் தோளைத் தாண்டாத கை. முழுசாக மேலே போயிருந்தது, கொஞ்சம் நடுங்கிக்கொண்டு. பயந்தாயா என்று கேட்டீர்கள். பயம் இல்லை. கவிதா பிறந்து அழுதபோது எப்படி இருந்ததோ அப்படி இருந்தது. என் பாடு வீண் போகவில்லை என்று இருந்தது.

டம்பெல்லை எடுத்தேன். இடுப்பை வளைக்காமல், தொடையிலிருந்து எழுந்து, மூச்சை விட்டுக்கொண்டே அடித்தேன். மணிக்கட்டில் பட்டது. எலும்பு முறியும் சத்தம் கேட்டது. அவர் கத்தினார். நன்றாக, முழு வாயாலும் கத்தினார். வலி தெரிந்தது.

டாக்டர் ஒன்பது அடி என்று எழுதியிருப்பதாகச் சொன்னீர்கள். சரியாகத்தான் எழுதியிருக்கிறார். முழங்கை. தோள் இரண்டு. அப்போது கீழே உட்கார்ந்துவிட்டார். முட்டி. காறை எலும்பு. நெஞ்சில் ஒன்று, அதில் மூச்சு மாறியது. இடது கையைத் தூக்கி முகத்தை மறைத்தார், அதை விலக்க ஒன்று. கடைசி தலையில். எந்தச் சதைக்குக் கீழே எந்த எலும்பு என்று எனக்குத் தடவிப் பார்க்காமலே தெரியும். எல்லாம் நான் தேற்றியவை. நடுவில் ஒரு தடவை "செரி" என்றார். போதும் என்று சொன்னாரா, வேறு ஏதாவதா, தெரியவில்லை. அவருக்கு அந்த ஒரு சொல்தானே.

பிறகு தரையைக் கழுவினேன். டம்பெல்லைக் கழுவித் துடைத்து இடத்தில் வைத்தேன். அவர் முகத்தைத் துடைத்துப் போர்த்திவிட்டேன். மத்தியானம் முத்தாயி வேலையிலிருந்து வந்ததும் நானே போய்ச் சொன்னேன். அவள் முதலில், "மறுக்கா இழுத்துக்கிச்சா அம்மணி?" என்று கேட்டாள். இல்லை, நான்தான் என்றேன். ஓடவில்லை, ஒளியவில்லை. அடிக்க வந்தவரை அடித்தேன்.

இப்போது ஃபெபி எழுதிக் கொடுத்ததைப் படித்துக் காட்டினீர்கள். வெளியே பெஞ்சில் அவள் அழுதுகொண்டிருப்பது எனக்கும் கேட்கிறது. கை வந்ததும் முதலில் என்ன செய்ய ஆசை என்று அவரிடம் அவள் கேட்டாளாம். சோறு உண்பதா, வண்டி ஓட்டுவதா என்று. அவர் தன் தலையைத் தொட்டுக் காட்டி, வெளியே களத்தில் நின்றிருந்த என்னைக் காட்டினாராம். எனக்குத் தலைவாரிவிட வேண்டுமாம். மூன்று வாரம் அவளுடைய முடியில்தான் பழகினாராம். மேலே உச்சியில் ஆரம்பிக்கக் கை எட்டவில்லையென்று தினமும் தானாகவே தூக்கித் தூக்கிப் பார்த்தாராம். பொங்கலுக்குள் செய்துவிட வேண்டும் என்று இரண்டு பேரும் பேசி வைத்திருந்தார்களாம்.

அந்தக் குழந்தைக்கு அவரை இரண்டு வருடம் கூடத் தெரியாது. எனக்கு முப்பது வருடம் தெரியும். தலைவாரப் போகிறவனும் முதலில் முடியைத்தான் பிடிக்க வேண்டும், அடிக்கப் போகிறவனும் முதலில் முடியைத்தான் பிடிக்க வேண்டும். அவர் என் முடியைப் பிடித்து வேறு எதுவும் செய்ததில்லை. அப்படி இருக்கும்போது நான் எப்படி நினைப்பேன்? இதை எந்தக் கோர்ட்டிலும் சொல்வேன்.

ஆனால் நீங்கள் இப்போது எழுதிய வரியை அடித்துவிடுங்கள், மேடம். "சீப்பு கையில் இருந்ததை அவள் கவனிக்கவில்லை" என்ற வரியை. அது சரியில்லை. பொய்க்குக் கீழே நான் கையெழுத்துப் போட மாட்டேன். முதல் அடியிலேயே சீப்பு தெறித்து என் காலடியில் விழுந்தது. ஊதா நிறம், புதுசு, ஃபெபி வாங்கிக் கொடுத்திருப்பாள். மிதித்துவிடக் கூடாதே என்று நானே குனிந்து எடுத்து ஜன்னலில் வைத்தேன். அவர் முறிந்த கையைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மீதி எட்டும் அதற்குப் பிறகுதான்.